ஆறாம் எண்

பதினாலு வருடம்
பந்தை நான் யாரிடமும் கேட்டதில்லை.
பறித்திருக்கிறேன்.
முழங்காலால், தோளால்,
ஒருமுறை பர்கூரில் பல்லால் என்று
நடுவர் எழுதினார். அது பொய்.

நடு மைதானத்தில் என் வேலை சின்னது:
வருகிறவனை நிறுத்து.
நிறுத்திய பந்தைத் தெரிந்தவன் காலில் போடு.
யாரும் இல்லையா, மாந்தோப்புக்கு அனுப்பு.
தோப்புக் காவலாள்
என் பெயரைச் சொல்லித் திட்டியபடிதான்
பந்தைத் திருப்பி எறிவான்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
நான்காம் வழியிலும் எனக்கு அதே வேலை.
கை நீட்டினால் லாரி நிற்கும்.
சில்லறை, ரசீது, ஒரு கெட்ட வார்த்தை,
கட்டை தூக்கு.
பிறகு கண்ணாடியில் ஒட்டுகிற வில்லை வந்தது.
கட்டை தானாக எழுந்தது.
என்னைக் கூண்டிலிருந்து இறக்கி
வெயிலில் நிற்கவைத்தார்கள்,
எந்த வழி அடைத்துக்கொள்ளும் என்று
அடைக்கும் முன்பே பார்க்கச் சொல்லி.

அதே மாதம்தான்
தளியிலிருந்து பயிற்சியாளனாக வந்தான் திம்மராயன்.
என்னைவிட ஆறு வயது சின்னவன்.
கோலி அப்சரிடம் சொன்னான்:
இனிமேல் தூக்கி அடிக்காதே, இவனுக்குக் கொடு.
என்னிடம் சொன்னான்: போய்க் கேள்.
முதுகுக்குப் பின்னால் ஆள் இருப்பானே?
இருப்பான். பந்து வருவதற்குள் திரும்பிப் பார்.

அன்றிலிருந்து சோற்றில் கை வைக்கும்போதும்
தோளுக்கு மேல் பார்க்கிறேனாம்.
யாருக்குக் கடன் பாக்கி என்கிறாள் சாரதாம்பா.

ஓசூர் வால்வு கம்பெனியோடு அரையிறுதி.
பதினோராவது நிமிடம் அப்சர் கொடுத்தான்.
வலது தோளைப் பார்த்தேன்.
அவன் இடது தோளில் இருந்தான்.
கோல்.

கோட்டோரத்தில் எவனோ கத்தினான்:
தோப்புக்கு அடிடா!
தோப்பு அங்கேயேதான் இருந்தது,
செந்தூரம் காய்த்துத் தொங்க.

நிறுத்துவதில் ஒரு பெருமை உண்டு.
நின்றவன் முகத்தைப் பார்க்கலாம்.
கொடுத்துவிடுவதில் அது இல்லை.
கொடுத்த பந்து
மூன்று கால் தாண்டி எங்கோ கோலாகும்,
கைதட்டல் அங்கே.

என் முதுகில் ஆறு.
அணை என்று நினைத்துக்கொண்டுதான்
அதைப் போட்டிருந்தேன்.

இரண்டாம் பாதியில் அப்சர் தயங்கினான்.
நான் காலடியைக் காட்டி
குடு என்றேன்.
கடை வாசலில் கடன் சொல்கிறவன் குரல்,
எனக்கே புதிது.
இடது. வலது. மறுபடியும் இடது.
வந்தது. ஒரே தொடுதல்.
உடம்பு கதவு மாதிரி திரும்பியது.

பறிக்கிறவனுக்குப் பந்து தெரியும்.
எனக்கு அப்போது இடம் தெரிந்தது.
இவ்வளவு இடம்.
அதன் கோடியில் மாதேஷ் ஓடிக்கொண்டிருந்தான்,
யாரும் பார்க்காமல்.
இத்தனை வருடமும்
அப்படித்தான் ஓடியிருப்பான் போல.

கொடுத்தேன்.
அவன் அடித்தது கம்பத்தில் பட்டு வந்தது.
ஒன்று, பூஜ்யம். தோற்றோம்.

இரவு பத்து மணி ஷிப்ட்.
ஒரு மாங்காய் லாரியின் வில்லையை
இயந்திரம் படிக்கவில்லை.
யோசிக்கும் முன்பே என் கை நீண்டது.
நின்றது லாரி, பிரேக் கிறீச்சிட்டு,
என் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி.
அந்த ருசி போகவில்லை, திம்மராயா.
போக வேண்டுமா என்றும்
தெரியவில்லை.