தாயின் கை

பஹாவ் மருத்துவமனை. விடியற்காலை மூன்று பத்து.
திரையில் சீப்புப் பல்லாய் ஒரே அளவு அலைகள்.
வலிப்பென்று மருந்துக்கு எழுந்தேன்.
மிஸ்ஸி ரொசிதா தொட்டிலைக் காட்டினார்:
தனலெட்சுமி,
செம்பனை உதிரி பொறுக்கிக் காய்த்த கையால்
பிள்ளையின் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நிறுத்துங்கக்கா."
நிறுத்தினாள்.
கோடு தன் பழைய கிறுக்கலுக்குத் திரும்பியது.
குறித்துவைத்தேன்: தாயின் கை.

நாலு மணிக்கு
அந்தக் கை அவள் மடியில் கிடந்தது.
பிள்ளையின் விரல்கூட அசையவில்லை.
"நல்லாத் தூங்குறான்" என்றாள்.
வலப்பக்கக் கோடு மட்டும்
மெல்ல எழுந்து, கூர்ந்து,
இடப்பக்கத்தையும் எழுப்பியது.

ஊசியில் மருந்தேற்றினேன்.
"தட்டட்டுமா?"
"இப்ப வேணாம். கோட்ட நான் பாக்கணும்."

திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.
பக்கத்தில் சத்தம் கேட்டது:
தன் முழங்காலைத் தட்டத் தொடங்கியிருந்தாள்,
அதே கணக்கில்.