கத்திரிக்கு ஒரு வேலை

கத்திரி வெயிலில் பிறந்ததால்
கத்திரி என்று பேர் வைத்தோம்.
பேர் வைத்த நேரம்
வெட்டத் தொடங்கியது.

முதலில் மிதியடி.
பிறகு செருப்பு, அதுவும் இடது கால் மட்டும்.
ரிமோட்டில் சத்தம் குறைக்கும் பொத்தான்.
ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த
ஹெல்மெட்டின் வார்.
கீழ்வீட்டு நூருன்னிசா அக்காவின்
ஸ்கூட்டர் சீட்டைப் பிரித்துப் போட்டு
பஞ்சுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது
மேகத்தில் எழுந்தருளிய சாமி மாதிரி.

அஸ்தம்பட்டியில் இரண்டாம் மாடி.
சித்தேஸ்வரனுக்கு இரும்பாலையில் ஷிஃப்ட்.
எனக்கு மருந்துக்கடையில் பில் போடும் வேலை.
முயல் துரத்தப் பிறந்த சிப்பிப்பாறைக்கு
பன்னிரண்டு அடி பால்கனி.
எதிரே சேர்வராயன் மலை நீலமாக நிற்கும்.
கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி
அங்கே பெய்யும் மழையை
இங்கிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக
கடன் வாங்கிக்கொள்ளும்.
அப்புறம் குரைக்கும்.
மதியம் இரண்டு மணிக்கு,
ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்து.

"கட்டிப் போடு" என்றார் அவர்.
கட்டினோம்.
கயிற்றைத் தின்றது.

டாக்டர் ஜெயசீலி
பல் பார்த்தார், காது பார்த்தார்,
வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.
மாத்திரை எழுதவில்லை.
"நோய் ஒண்ணும் இல்லம்மா, வேலை இல்ல.
நாள் பூரா சும்மா கிடன்னா
நீங்க என்ன பண்ணுவீங்க?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
சும்மா இருந்து பார்த்ததே இல்லை.
"ஓட விடுறது பாதி.
மோந்து பாக்க விடுறது மீதி.
இழுக்காதீங்க."

அதனால் ஐந்து மணிக்கு மூக்கனேரிக் கரை.
ஒரு புளியமரத்துக்கு ஏழு நிமிஷம்.
வேரை, வேரில் ஒட்டிய சாம்பலை,
நேற்று யாரோ கழற்றி எறிந்த மாலையை
எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாசிக்கும்.
பால்காரர் கேட்பார்: "எதாச்சும் தொலஞ்சிருச்சா?"
நான் கயிற்றைத் தளர்த்தி நிற்பேன்.
நிற்பதும் பழகத்தான் வேண்டியிருந்தது.

வீட்டில் தட்டை எடுத்து மேலே வைத்துவிட்டேன்.
உப்புப் போகக் கழுவிய நெத்திலிக் கருவாடு
பழைய துண்டின் முடிச்சுக்குள்,
தேங்காய் மட்டைக்குள்,
தட்டுவடை வாங்கிய அட்டைப் பெட்டிக்குள்.
"தேடு" என்பேன்.
நெற்றியைச் சுருக்கும்,
கடன் வாங்கிக் கழித்தலில்
சிக்கிக்கொண்ட பையன் மாதிரி.
கண்டுபிடித்தால் உட்காரும்.
உடனே கூலி.
மதியமெல்லாம் கால் நீட்டித் தூக்கம்.
மூன்றாம் வாரம் நூருன்னிசா அக்கா
படியேறி வந்து கேட்டாள்:
"நாய் ஊருக்குப் போயிருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர்கள் வந்தார்கள்.
"பாருங்கப்பா" என்று
சட்டைப் பையில் கருவாட்டோடு
நடுக்கூடத்தில் நின்றார், சர்க்கஸ்காரர் மாதிரி.
"தேடு!"
கத்திரி துண்டைத் தாண்டியது.
மட்டையைத் தாண்டியது.
சமையலறைக்குள் போய்
அரிசி டிரம் முன்னால்
முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தது.

டிரம்முக்குள் கை விட்டார்.
பிளாஸ்டிக் உறை.
உறைக்குள் செவ்வாய்ப்பேட்டை அடகுச் சீட்டு:
ஜிமிக்கி, ஒரு ஜோடி.
தம்பி மாதையனின் லாரித் தவணைக்கு.
அவனுக்கு இனி ஒரு பைசா கூடாதென்று
இதே சமையலறையில்தான் சொல்லியிருந்தார்.
உறை முழுக்க
என் விரலின் கருவாட்டு வாசம்.

அவர் சீட்டைப் படித்தார்.
திருப்பிப் படித்தார்.
கூடத்தில் மின்விசிறிச் சத்தம்.
கத்திரி அவர் முகத்தைப் பார்த்தது,
என் முகத்தைப் பார்த்தது,
வாலால் தரையை ஒரு தட்டு தட்டியது.

"குடுத்துடுங்க" என்றேன்.
"என்னது?"
"கருவாடு. கண்டுபிடிச்சா உடனே குடுக்கணும்.
இல்லேன்னா நாளைக்குத் தேடாது."

பையில் கை விட்டு
இரண்டாகவே கொடுத்தார்.

மறுநாள் ஏரிக்கரைக்கு அவரும் வந்தார்.
புளியமரத்தடியில்
கத்திரி அதே வேரில் மூக்கை வைத்தது.
மலை இன்னும் இருட்டாகவே இருந்தது.
நாலாவது நிமிஷமோ ஐந்தாவதோ,
தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்:
"வட்டி எவ்வளவு?"

கயிற்றை இன்னும் கொஞ்சம்
தளர்த்தினேன்.