குவியத்துக்கு வெளியே மகம்

பொங்கலுக்குப் பிறகு ஞானரூபன் என்னோடு கதைப்பதில்லை.
சகலன்தான்.
ஒரு வோட்டர் பம்ப் காரணம்,
விளக்கப்போனால் விடிந்துவிடும்.

கண்ணாடி என்னுடையது:
ரொறன்ரோவிலிருந்து மச்சாளின் பெட்டியில்
உள்ளாடைகளுக்கு நடுவே வந்த எட்டங்குலம்.
குழாய் அவனுடையது:
மதகு கட்டி மிஞ்சிய பத்தங்குலப் பைப்,
உள்ளே கரும்பலகைப் பெயின்ற்.
பிரித்துக்கொண்டு போனால்
ஒருத்தனிடம் குழி, மற்றவனிடம் துளை.

ஆகவே ஒரு மாசி இரவில்
லான்ட்மாஸ்டர் பெட்டியிலிருந்து
வவுனிக்குளக் கட்டில் இறக்கினோம்,
வாய் திறவாமல்.
மல்லாவி றோட்டுக் குலுக்கலில்
கண்ணாடி கோணிப்போயிருந்தது.

துருவ வெள்ளி இங்கே ஒன்பது பாகையில்
பாலைமரங்களுக்குள் கிடக்கும். உதவாது.
உச்சிக்கு வந்த மகத்தைப் பிடித்து
குவியத்தை வெளியே இழுத்தேன்.
புள்ளி வீங்கி, வளையம் வளையமாய்,
நடுவில் இருக்கவேண்டிய இருட்டு
நடுவில் இல்லை.
ஓட்டை ஓரம்போன உழுந்துவடை.
சிரிப்பு வந்தது. அடக்கினேன்.

திருகு மூன்றும் குழாயின் அடியில்.
பார்க்கிறவனுக்குக் கை எட்டாது,
திருகுகிறவனுக்கு வெள்ளி தெரியாது.

"இடப்பக்கம்" என்றேன், இருட்டிடம்.
கன நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அடியிலிருந்து:
"உன்ர இடமோ, என்ர இடமோ?"

அவன் எனக்கு எதிர்ப்புறம் குந்தியிருந்தான்,
கண்ணாடியோ எல்லாவற்றையும் தலைகீழாக்குவது.
திருகுகளுக்குப் பெயர் வைத்தோம்:
துருசுப்பக்கம்,
கோயில்பக்கம்,
யானைப்பக்கம்.

"யானைப்பக்கம், கால் சுற்று."
மகம் பாய்ந்து ஓடியது.
குழாயைத் தள்ளித் துரத்திப் பிடித்தேன்.
"கூடிப்போச்சு, அரைவாசி திருப்பு."
"துருசு, மயிரளவு."
"பூட்டு."
பூட்டினதும் கோணியது.
ஒரு தூஷணம் கேட்டது,
யாருடைய வாய் என்று சொல்லமாட்டேன்.

வான் என்றால் எங்களுக்கு
குளம் நிறைந்து வழிகிற இடம்.
மார்கழியில் பாய்ந்தது, இப்போது காய்கிறது.
மற்ற வானை நாங்கள் அண்ணாந்து பார்த்ததெல்லாம்
வேறு சத்தங்களுக்கு.

வயல் கரையில் யானைவெடி.
இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.
நிமிர்ந்து பார்த்தால்
மகம் கண்ணாடியை விட்டுப் போயிருந்தது,
பூமி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒருமணி போல ஓட்டை நடுவுக்கு வந்தது.
"வந்து பார்" என்று நான் சொல்லவில்லை,
விலகி மட்டும் நின்றேன்.
அவன் எழும்பி, சாரத்தில் கை துடைத்து,
வில்லையில் கண்ணை வைத்தான்.
தவளைகள் நிறுத்தித் தொடங்கின.

"ஒரு சொட்டு
கோயில்பக்கம் இழுக்குது" என்றான்.
"இல்லை."
"இழுக்குது."

அலன் கீயை வாங்கிக்கொண்டு
அடியில் போய்க் குந்தினேன்.
நிலம் ஈரம்.
இங்கேயிருந்து
ஒன்றுமே தெரியவில்லை.