குல்கர்ணி மேடத்துக்குத் தமிழ் தெரியாது

வரவேற்புத் தட்டியில் என் பெயரை
ஒரு புள்ளி விட்டு எழுதியிருந்தார்கள்.
புனேயிலிருந்து வருகிறேன். பெயர் கணவருடையது.
தாராபுரத்தில் பன்னிரண்டாவது வரை படித்ததைக்
குழுத் தலைவரின் சுயவிவரத்தில் யாரும் தேடுவதில்லை.
ஆகவே கன்னங்குறிச்சி தாண்டி
சேர்வராயன் எழும்பத் தொடங்கும் இடத்தில்
காரைவிட்டு இறங்கி மாலைக்குக் குனிந்தபோது
என் காதுக்குப் பக்கத்திலேயே ஒருவர் சொன்னார்:
"அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, தைரியமாப் பேசு."
நான் ஆங்கிலத்தில் புன்னகைத்தேன்.

முதல்வர் ஸ்லைடுகளை ஓட்டினார்.
ஏழு அளவுகோல், ஏழு கோப்பு, ஏழு நிறம்.
பின்வரிசையில்,
"மூணு மாசச் சம்பளம் இந்த கிரேடு வந்தாத்தான்னு
செக்ரட்டரி சொல்லிட்டாராம்."
குவாஹாட்டியிலிருந்து வந்த போர்ககோட்டி என் பக்கம் சாய்ந்தார்.
ஏதாவது புரிகிறதா?
சாப்பாட்டைப் பற்றி, என்றேன்.
பொய்யும் இல்லை அது.

தாவரவியல் ஆய்வகத்தில் பதினெட்டு நுண்ணோக்கிகள்.
ஆறின் அடியில் ஸ்டிக்கர் சுரண்டிய தடம்.
லேப் அசிஸ்டென்ட் கதிர்நாயகம்
ஒரு தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தார்.
"ராத்திரியே வேன் வருமாம்ணே, அட்டைப்பெட்டி எங்க?"
என்று எட்டிப் பார்த்த பையனை
முறைத்தே அனுப்பினார்.
நான் லென்ஸுக்குக் குனிந்தேன்.
வெங்காயத் தோல், அறை அறையாக.
இரவல் கருவியிலும் சுத்தமாகத் தெரிந்தது.

(என் கல்லூரிக்குக் குழு வந்த வருடம்
நாற்பது நாற்காலி நானும் கடன் வாங்கினேன்.
மூன்றை இன்னும் திருப்பவில்லை.)

இரண்டாம் நாள் மலை மேலிருந்து மழை வந்தது.
புது டைல்ஸ் பதித்த படி, அதில் டீ தட்டோடு ஒரு பெண்:
மஞ்சக்குட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருபவள்,
நேற்றைய கலந்துரையாடலில்
கல்லூரியின் தொலைநோக்கை
காற்புள்ளி பிசகாமல் ஒப்பித்தவள்.
கால் வழுக்கியது.
"அய்யோ, பாத்து கண்ணு!"

கத்தியது நான்தான்.

தட்டு தப்பித்தது. இரண்டு கிளாஸ் போயிற்று.
அந்தக் 'கண்ணு' வேற்று ஊர் வாயில் வராது என்று
அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.
முதல்வர் முந்தின நாள் முழுவதையும்
மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்ப்பது
முகத்தில் தெரிந்தது. சில இடங்களில் நிறுத்தி நிறுத்தி.

அவள்தான் கேட்டாள், "மேடம் எந்த ஊருங்க?"
இரண்டு நாளில்
யாரும் எழுதிக் கொடுக்காத முதல் கேள்வி.
தாராபுரம் என்றேன்.
"எங்க சித்தியை அங்கதான் குடுத்திருக்கு."
பிறகு கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே,
"அப்ப எல்லாம் கேட்டுச்சுங்களா?"

கேட்டதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.
பார்த்ததற்கு மட்டும், அதுவும் இரண்டு தசம இடத்தில்.

சாயங்காலம் கதிர்நாயகம் தானாக வந்தார்.
கையில் சணல் கயிறு.
"பன்னெண்டு நம்மளதுங்க மேடம்.
பதினோரு வருசமா நான்தான் தொடைக்கறேன்."
மீதியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அறிக்கையில் பன்னிரண்டு என்று எழுதினேன்,
நன்கு பராமரிக்கப்பட்டவை என்றும்.
அச்சிடும்போது பிரிண்டர் இருமுறை நின்றது.
உறை ஒட்டும் பசை காயவில்லை.
நிறைவுக் கூட்டத்தில் அந்த எண் வந்ததும்
முதல்வர் நிமிர்ந்து பார்த்தார்,
பேனாவை மூடினார், எதுவும் சொல்லவில்லை.
அந்த மூன்று மாதச் சம்பளம்
எந்த தசமத்தில் நிற்கிறதோ, எனக்குத் தெரியாது.

குழுப் படத்துக்கு மட்டும் வந்து சேர்ந்த செக்ரட்டரி
என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு,
"அந்தம்மா என்னய்யா எழுதியிருக்கு?" என்றார்.

"மெதுவாங்க சார்," என்றார் முதல்வர்.
"அவங்களுக்குக் காது கேக்கும்."