அரை மணி கழித்துத் தண்ணீர்

கோவையிலிருந்து திரும்பிய அன்று
மேட்டுப்பாளையம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில்
பெள்ளிராஜ் வண்டியை ஓரங்கட்டிக் கேட்டார்:
"வாந்தி வருதா?"
வருவதற்கு உள்ளே ஒன்றுமில்லை.
ஐந்து தையல்,
மடியில் ஒரு கோப்பு,
கோப்புக்குள் பதினோரு பக்கம் சாப்பாட்டுச் சட்டம்.

"வயிற்றில் ஒரு வாழைப்பழ அளவு
மிச்சம் வைத்திருக்கிறோம்" என்றிருந்தார் டாக்டர்.
எந்தப் பழம், மலைப்பழமா நேந்திரமா என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

முதல் வாரம் இருமல் மருந்து மூடியில் பருப்புத் தண்ணீர்.
பிறகு மசித்தது.
பிறகு முட்டையின் வெள்ளை.
நான்காம் மாதம் மூன்று கரண்டி,
ஒவ்வொரு வாயையும் இருபத்தைந்து முறை மென்று.
சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது.
அரை மணி கழித்து, அதுவும் மிடறு மிடறாக.

கோத்தகிரியில் ஜூலை என்பது
தின்பதற்கென்றே கண்டுபிடித்த மாதம்.
சார்பதிவாளர் அலுவலகத்தின் ஜன்னலில்
மஞ்சு வந்து முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும்.
நாலு மணிக்கு வடை வரும்.
"ஒரு வாய்தானே" என்பாள் சல்மா.
ஒரு வாய்தான் சல்மா,
அதுதான் என் பாதிச் சாப்பாடு.

ஒரு நாள் கேட்காமல் பாதி போண்டாவை விழுங்கிவிட்டு
கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
நெஞ்சுக்குள் யாரோ கதவை அடைத்துவிட்டு
வெளியிலிருந்து தட்டுகிற மாதிரி.

ஹட்டிக்குப் போனால்
"சர்க்கரையா, வேற ஏதாவதா" என்கிறார்கள்.
அந்த 'வேற'வுக்கு மட்டும்
குரல் இறங்கிவிடுகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
என் பீரோவில் நிலப்பத்திரங்களுக்குப் பின்னால்
வர்க்கிப் பொட்டலங்கள் இருந்தன.
விளக்குப் போடாமல் தின்பேன்,
நொறுங்கும் சத்தத்தை நாக்கால் அமுக்கி.
பன்னிரண்டு வருஷம்.
அவருக்குத் தெரியுமா என்று
நான் கேட்டதில்லை,
அவர் சொன்னதுமில்லை.

மற்றபடி நாங்கள் பேசியதெல்லாம்
தட்டுக்கு எதிரே தட்டு வைத்துத்தான்.
சண்டைகளைப் பரோட்டாவோடு பிய்த்தோம்.
இனிப் பிள்ளைக்கு வாய்ப்பில்லை என்று
ரிப்போர்ட் வந்த நாளிலும்
குன்னூரில் இறங்கி
ஆளுக்கொரு பிரியாணி,
பிறகு ஆளுக்கொரு பாதி.

இப்போதெல்லாம் அவர் வரும்போதே
"சாப்பிட்டாச்சு" என்றபடி செருப்பைக் கழற்றுகிறார்.
சட்டையில் வெங்காய வாசம்.
சமையலறைப் பக்கம் போவதில்லை.
என் மூன்று கரண்டிக்கு எதிரே
நாற்காலி காலியாக இருக்கிறது.

நேற்று மழை விட்டதும் ராம்சந்த் பக்கம் நடந்தேன்.
பழைய ஸ்வெட்டர் என்மேல்
இன்னொருத்தியுடையதாய்த் தொங்கியது.
மருந்துக்கடை தாண்டி எங்கள் வண்டி நின்றது,
கண்ணாடிகள் ஏற்றி, உள்ளே சின்ன விளக்கு.
தினத்தாளை மடியில் விரித்து
முட்டைப் பரோட்டா தின்றுகொண்டிருந்தார்,
தலையைக் குனிந்து, அவசரமாய்,
யாரோ பறித்துக்கொள்ளப் போவதைப் போல.

அந்த முதுகை எனக்குத் தெரியும்.
அது என் முதுகு.

கண்ணாடியைத் தட்டினேன்.
பதறி, பேன்ட்டில் கையைத் துடைத்து,
"பசிக்கல, சும்மாதான்..." என்றார்.
கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பையிலிருந்து என் டப்பாவை எடுத்தேன்:
பாதி முட்டை, ஒரு கரண்டி அவரைக்கொட்டை.
"சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

நான் ஏழு எண்ணுவதற்குள் அவருடையது முடிந்துவிட்டது,
ஒரே ஒரு துண்டு தவிர.
அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பிறகு அதை நகத்தளவு நகத்தளவாகப் பிய்த்து
என் தாடையின் வேகத்துக்கு
மெல்லத் தொடங்கினார்.
கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்து
தெரு மறைந்தது.

டப்பாவை மூடினேன்.
தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
கடிகாரத்தைக் காட்டினேன்.
"இன்னும் அரை மணி."

சாவி கையிலேயே இருந்தது.
வண்டியைக் கிளப்பவில்லை.