அரை நாள் விடுப்பு

செயலியில் ஒரு மேகம்,
அதன் முதுகில் பாதிச் சூரியன்.
அதை நம்பித்தான்
தேங்காய்த்திட்டு முகத்துவாரக் கற்களில் நிற்கிறோம்,
நானும் அமலோரும்.

ஆறரைக்கு வெயில்.
ஏழுக்கு வாடை எழுந்து
எறிந்த தூண்டிலைக் காலடிக்கே திருப்பித் தந்தது.
மழைக்கோட்டை மாட்டினால் வெளுக்கிறது,
கழற்றி மடித்தால் தூறுகிறது.
"நம்ம மேனேஜர் மாதிரி" என்றான் அமலோர்.

எண்ணூற்றைம்பது ரூபாய் ரப்பர் மீனைப்
பாறை விழுங்கிற்று.
அடுத்ததையும்.
ஃபைபர் படகில் போனவர்
எஞ்சினைத் தணித்துக் கேட்டார்:
"எதுனா ஆப்டுச்சா?"
உதட்டைப் பிதுக்கினோம்.
"கொடுவா கிலோ அறுநூறுதாங்க மார்க்கெட்ல."
போய்விட்டார்.

மார்கழி மழை கலக்கிய ஆற்றுச் செம்மண்ணும்
கடலின் பச்சையும்
ஒட்டாமல் ஓடும் கோடு ஒன்று தெரிந்தது.
அதன்மேல் எறிந்தேன்.

இழுப்பு இல்லை அது, அடி.
ரீல் கிறீச்சிட
நூல் போய்க்கொண்டே இருந்தது.
எங்கோ தூரத்தில்
நீரை உடைத்து எழுந்து
தலையை இப்படியும் அப்படியும் உதறியது,
வேண்டாம் வேண்டாம் என்பதுபோல.

பிறகு கம்பு லேசாகிவிட்டது.
சுற்றி எடுத்தால்
முள் நிமிர்ந்திருக்கிறது, குண்டூசியாக.

மழை வலுத்தது. கோட்டு பையிலேயே கிடக்கிறது.
காய்ச்சல் என்று சொல்லித்தான் விடுப்பு வாங்கினேன்.
அமலோர் ஈரப் புறங்கையை
என் நெற்றியில் வைத்துப் பார்க்கிறான்.
"பொய்யில்ல மச்சான்,
சுடுது."