எண் ஏற ஏற

சாக்கிநாக்காவில் மங்கேஷ் பட்டறை.
பெஞ்சில் இரண்டு இரும்புக் குழாய்கள்.
ஒன்றை நகத்தால் சுண்டுகிறான்,
கண்ணாடி டம்ளர்போல் நீளமாய் ஒலிக்கிறது.
"நடுவில் அரை மில்லிமீட்டர்தான். பறக்கும்."
மற்றது முழுக்க ஒரே கனம்.
டொக் என்றதோடு சரி.

நானும் குழாயால் பிழைப்பவன்.
ஐந்தரைக்கு ஆண்டாப் ஹில்லில் கிளம்பினால்
எட்டுக்குள் பதினாறு வீடு, பதினாறு கை,
கேரியரில் ஐஸ் பெட்டி.
நரம்பு ஒளியும் கைக்கு இருபத்துமூன்று,
மற்றவர்க்கு இருபத்தொன்று.
எங்கள் கணக்கில்
எண் ஏற ஏற ஊசி மெலியும்.
மெலிந்தால் வலி குறைவு.
ஒரே குத்து,
பிறகு வெள்ளை டப்பாதான் அதற்குக் கதி.

இது அப்படியா?
வடாலா உப்புக் காற்றில் ராத்திரியெல்லாம் நிற்கவேண்டும்.
ஜூலையில் சயன் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர்;
சீட்டுக்குக் கீழே புகுந்தது
பெடல் அச்சில் போய்த் தங்கும்.
போன சைக்கிள் அங்கேதான் உள்ளுக்குள் அரித்து ஒடிந்தது.
அன்று காலைவரை பெயின்ட் பளபளப்பு,
ரிப்போர்ட் வரும்வரை
நன்றாயிருக்கிற ஆள் மாதிரி.

"டொக்கையே போடு."
"அரைக் கிலோ கூடும், பாஸ்கரா."
கூடட்டும். மிதிப்பது நான்தானே.
"அடியில் ஒரு ஓட்டையும் போடு, தண்ணீர் வடிய."

எவ்வளவு பெரிது என்றான்.
நாக்கு நுனிவரை ஒரு நம்பர் வந்துவிட்டது.
விழுங்கிக்கொண்டு
அவன் காதில் செருகியிருந்த பென்சிலைக் காட்டினேன்.